வீரை எது, காரை எது

இந்தக் காட்டுக்கு மரம் நட வந்து ஒன்பது வாரம் ஆகிவிட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறாயா என்று கேட்டு வந்த மெசேஜ்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் போட முடியவில்லை. இங்கே சோலாரில்தான் போன் சார்ஜ் ஏற வேண்டும். மூன்று நாளாக வானம் மூடிக் கிடக்கிறது, கிணற்று மோட்டாருக்கும் சமையலறை விளக்குக்கும் போக மிச்சம் இருந்தால்தான் நமக்கு. அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். ஆமாம், இங்கேதான் இருக்கிறேன். பொங்கல் வரை இருப்பேன் என்று சொல்லித்தான் வந்தேன்.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், பல நாட்டவர் சேர்ந்து உருவாக்கிய ஆரோவிலின் ஓரமாக இருக்கும் ஒரு காடு இது. திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து, அப்புறம் செம்மண் பாதையில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். பெயரை எழுதப் போவதில்லை. வார இறுதியில் கூட்டம் வரக்கூடாது என்பதில் இங்கே இருப்பவர்கள் உறுதியாக இருக்கிறார்கள், ஒன்பது வாரத்தில் எனக்கும் அதே எண்ணம் வந்துவிட்டது.

காடு என்றதும் வால்பாறை மாதிரி ஓங்கிய மரங்களையும் அட்டைக்கடியையும் நினைத்துக்கொண்டு பலர் கேட்கிறார்கள். இது அந்த மாதிரி இல்லை. இந்தியாவில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையை ஒட்டிய மெல்லிய பட்டையில் வளரும் வகை, வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு என்று பெயர். வருடத்தில் பாதிக்கு மேல் வறட்சி, ஆனாலும் மரங்கள் மொத்தமாக இலை கொட்டி நிற்பதில்லை. இலைகள் சின்னதாக, தடிப்பாக, தோல் மாதிரி இருக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் இரண்டு மூன்று மாதத்தில் குடித்ததை வைத்துக்கொண்டு, மிச்ச நாளெல்லாம் பனியிலும் எப்போதாவது வரும் கோடை மழையிலும் சமாளிக்கிற மரங்கள். பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போகாது. மலைக்காட்டைப் பார்த்த கண்ணுக்கு முதலில் இது பெரிய புதர் மாதிரிதான் தெரியும், எனக்கும் முதல் நாள் அப்படித்தான் தெரிந்தது. இந்தக் காடு ஒரு காலத்தில் இந்தக் கரை நெடுக இருந்திருக்கிறது. இப்போது துண்டு துண்டாக, அதுவும் பெரும்பாலும் ஐயனார் கோயிலைச் சுற்றியும் அம்மன் கோயிலைச் சுற்றியும்தான் மிச்சம். சாமி காடு என்பதால் யாரும் வெட்டவில்லை, அவ்வளவுதான் காரணம்.

முதல் வாரத்தைப் பற்றித்தான் அம்மா திரும்பத் திரும்பக் கேட்கிறாள், அதைச் சொல்லிவிடுகிறேன். மூங்கில் கட்டி மேலே கீற்று வேய்ந்த கொட்டகையில் நான்கு பெண்கள் படுக்கிறோம். சுவர் இடுப்பளவுதான். கொசுவலை கட்டாயம். முதல் இரவு கூரையில் என்னவோ நடந்து போனது, நடந்தது என்றால் கனமாக, நிதானமாக, யாரோ வீட்டுக்குள் உலாத்துகிற மாதிரி. டார்ச்சை எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். காலையில் கேட்டால் மரநாய், தினமும் அந்த வழியாகத்தான் போகும் என்றார்கள். இப்போது ஒரு நாள் சத்தம் வரவில்லை என்றால்தான் விழிப்பு வருகிறது.

கழிப்பறையில் தண்ணீர் கிடையாது. வேலை முடிந்ததும் ஒரு குவளை மரத்தூளை மேலே போட வேண்டும், கழுவுகிற தண்ணீரும் சிறுநீரும் வேறு பக்கம் போகும், தொட்டி நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு மக்கிய பிறகு மரங்களுக்குப் போடுகிறார்கள். நாற்றம் வரும் என்று பயந்துகொண்டே போனேன், வரவில்லை. குளிக்க ஒரு பக்கெட். சாப்பாட்டில் பால் இல்லை, டீ இல்லை, காலையில் கம்பங்கூழோ வரகுப் பொங்கலோ. நான்காம் நாள் டீ இல்லாமல் தலைவலி மண்டையைப் பிளந்தது, பக்கத்து ஊர் கடை வரைக்கும் நடந்து போய் இரண்டு டீ குடித்துவிட்டு வந்தேன். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாம்புக்காக மட்டும் ஒரு விதி உண்டு, அதில் யாருக்கும் சலுகை கிடையாது: இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் ஒரு அடி கூட வைக்கக்கூடாது, செருப்பை உதறாமல் போடக்கூடாது, கீழே கிடக்கும் கட்டையைக் கையால் புரட்டக்கூடாது. கண்ணாடி விரியனும் சுருட்டையும் இங்கே வாழ்கின்றன, நாம்தான் வந்து போகிறவர்கள். இதுவரை இரண்டு முறை விரியனைப் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் அது பாட்டுக்குப் போனது.

சரி, வேலைக்கு வருகிறேன். மரம் நடத்தான் வந்தேன். முதல் நான்கு வாரம் ஒரு மரம் கூட நடவில்லை.

காலை ஆறு மணிக்கு மண்வெட்டி, கடப்பாரை, இரும்புச் சட்டி. வரப்பு போடுகிற வேலை. மேட்டிலிருந்து சரிவாக இறங்கும் நிலத்தில் ஒரே மட்டத்தில் நீளமாக மண்ணை அணைத்து, மழைத் தண்ணீர் ஓடாமல் நின்று இறங்கும்படி செய்ய வேண்டும். மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் பிடிக்கிற மாதிரி தண்ணீர் நிரப்பிய டியூப்தான். ஒரு ஆள் இந்த முனையில், ஒரு ஆள் அந்த முனையில், நடுவில் கத்துகிறது ஒரு ஆள். மட்டம் இரண்டு விரல்கடை தப்பினாலும் தண்ணீர் பூராவும் அந்த ஒரே இடத்தில் சேர்ந்து உடைத்துக்கொண்டு போய்விடும். உள்ளங்கை கொப்புளம், கொப்புளம் உடைந்து காய்ப்பு. இரண்டாம் வாரம் நேராகவே கேட்டுவிட்டேன், எப்போது நடுவோம் என்று. இந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஐரோப்பாவிலிருந்து இளவயதில் வந்து இங்கேயே தங்கிவிட்டவர், நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, பேசுவது பக்கத்து ஊரான இடையஞ்சாவடியின் தமிழ். "மொதல்ல தண்ணிய நிறுத்துவோம்மா, மரம் அது பின்னால வரும்" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை, சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விளக்கம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது எடுத்த படங்கள் சமையலறைப் பக்கம் மாட்டியிருக்கின்றன. சிவந்த பொட்டல், அங்கங்கே பனை, அவ்வளவுதான். மழை பெய்தால் மேட்டுமண் முழுக்க ஓடைகளில் இறங்கிக் கடலுக்குப் போகும், கடல் சிவந்து கிடக்கும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். மண் போன வழியில் ஆளுயரத்துக்கு மேல் வெட்டுப்பட்ட பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் வந்தவர்கள் செடி வைத்தார்கள், ஆடு தின்றது, வேலி போட்டார்கள், வெயில் தின்றது. நிழலும் இல்லை, மண்ணில் ஈரமும் இல்லை என்றால் இந்த ஊர் மரமே ஆனாலும் பிழைக்காது என்று புரிந்துகொள்ளப் பல வருடம் ஆகியிருக்கிறது. அதனால்தான் ஆஸ்திரேலியப் பக்கத்து அகேசியாவை வைத்தார்கள். அது எந்தப் பொட்டலிலும் மளமளவென்று வளரும், இலை கொட்டும், நிழல் கொடுக்கும். அதன் அடியில்தான் நம் மரங்களைக் கொண்டுவர முடிந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது இந்தக் காட்டில் அகேசியாக்கள் வேரோடு விழுந்து கிடந்ததைப் பெரியவர் இன்றைக்கும் கையை விரித்து விரித்துக் காட்டுகிறார். அடியில் வளர்ந்துகொண்டிருந்த உள்ளூர் மரங்கள் கிளை ஒடிந்தும் நின்றன, திடீரென்று வெளிச்சம் கிடைத்ததும் மேலே வந்துவிட்டன என்கிறார்.

இரும்பை என்கிற பக்கத்து ஊரில் ஒரு கதை சொல்வார்கள், கடுவெளிச் சித்தரின் சாபத்தால் இந்த மேடு பாலையாய்ப் போனது, தூர தேசத்திலிருந்து வருகிறவர்கள் ஒருநாள் பச்சையாக்குவார்கள் என்று. எனக்கு அந்தக் கதையில் ஒரு மனத்தாங்கல் உண்டு. வந்தவர்கள் உழைத்தார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் குழி வெட்டியதில், தண்ணீர் சுமந்ததில், நர்சரியில் விதை போட்டதில் இந்த ஊர்ப் பெண்களின் கை எவ்வளவு இருக்கிறது என்பதை அந்தக் கதை சொல்வதில்லை. நான் தினமும் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

நர்சரியில் மூன்று பேர். மூன்று பேரும் பக்கத்து ஊர். மூத்தவருக்கு அறுபது வயதிருக்கும், எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம், நானும் அப்படியே. முதல் நாளே "கல்யாணம் ஆச்சா பாப்பா?" "ஏன் ஆவுல?" "அம்மா அப்பா இக்கிறாங்களா?" என்று வரிசையாகக் கேட்டு முடித்துவிட்டு, "சரி, இத்த புடி" என்று ஒரு முறத்தைக் கையில் கொடுத்தார். அதில் சிவப்பாகச் சின்னச் சின்னப் பழம். சதையைப் பிசைந்து விதையைத் தனியாக எடுத்து அன்றைக்கே போட்டுவிட வேண்டும் என்றார். விதைநெல் மாதிரி எடுத்து வைத்து அடுத்த வருடம் விதைக்கிற சமாசாரம் இல்லை, இந்தக் காட்டு மரங்கள் பலவற்றின் விதை காய்ந்தால் போச்சு. நாவலும் அப்படித்தான், வேம்பும் சில வாரத்துக்கு மேல் தாங்காது. எந்த மரம் எந்த மாதம் பழுக்கும், அதில் குருவிக்கு முன்னால் நாம் எப்போது போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அக்காவின் தலைக்குள் இருக்கிறது. எழுதி வைத்ததில்லை.

என்ன பழம் அக்கா என்று கேட்டேன். "வீரை" என்றார். முப்பத்தொரு வயதில் அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறேன்.

இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வந்ததில் என்னை அதிகமாகப் பிடித்து உலுக்கியது இதுதான். எங்கள் கொட்டகையில் இருக்கும் பிரெஞ்சுப் பெண் தாவரவியல் படிக்கிறாள், ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு லத்தீன் பெயரைச் சொல்லிவிடுவாள். அக்கா தூரத்தில் நின்றுகொண்டே தமிழ்ப் பெயரைச் சொல்லிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் நான், ஈரோட்டில் பிறந்து தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள், வேம்பு, புங்கன், பனை, புளி தாண்டி ஒரு மரத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாமல் நின்றேன். அவர்கள் இருவரும் என்னை வைத்துக்கொண்டுதான் பேசிக்கொள்ள வேண்டும், நான்தான் மொழிபெயர்க்க வேண்டும், எனக்கோ இரண்டு பக்கமும் பெயர் தெரியாது. அது ஒரு துக்கம். வேறு சொல் கிடைக்கவில்லை.

அன்றைக்கு இரவே ஒரு நோட்டு போட்டேன். வீரை என்றால் அடிமரம் முறுக்கி முறுக்கி, நரம்பு புடைத்த மாதிரி இருக்கும். காரை என்றால் எதிரெதிராக முள், மஞ்சள் பழம், தின்னலாம். சூரைக்குக் கொக்கி முள், துணியைப் பிடித்தால் விடாது, பின்னால் ஒரு அடி வைத்துத்தான் கழற்ற வேண்டும். காட்டு எலுமிச்சை இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை. கருங்காலி, உசில், களா, ஆதண்டை. அக்கா சொல்லச் சொல்ல எழுதுவேன், மறுநாள் நான் எழுதியதை அவர் கேட்க மாட்டார், ஒரு கிளையைக் காட்டி "இது இன்னா?" என்பார். தப்பாகச் சொன்னால் "நல்லா பாரு" என்பதோடு சரி.

ஒருநாள் ஒரு குட்டைமரத்தைக் காட்டிக் "காசா" என்றார். பளபளவென்று இலை, எதிரெதிராக, பார்க்கச் சாதாரணமாக இருந்தது. பிரெஞ்சுப் பெண் லத்தீன் பெயர் சொன்னாள், நான் போனில் தேடினேன், அதன் இன்னொரு பெயர் காயா. காயாம்பூ! எங்கள் ஆயா பெருமாளைப் பற்றிப் பேச்சு வந்தாலே காயாம்பூ மேனி, காயாம்பூ வண்ணன் என்பாள், சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், அது ஏதோ பாட்டில் மட்டும் இருக்கிற பூ என்றே நினைத்திருந்தேன். அது இந்தச் செம்மண்ணில், என் தோள் உயரத்தில் நிற்கிறது. பூ எப்போது வரும் என்று கேட்டேன். மாசி பங்குனியில் தண்டெல்லாம் நீலமாக ஒட்டிக்கொண்டு பூக்கும் என்றார் அக்கா. பொங்கலோடு கிளம்புகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பெயர்கள் தெரியாமல் நான் செய்த காரியம் ஒன்றையும் எழுதிவிட வேண்டும். மூன்றாம் வாரம் பழைய அகேசியாக்களின் அடியில் களை எடுக்கச் சொன்னார்கள். உண்ணிச்செடியைப் பிடுங்க வேண்டும், அகேசியாக் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். காலை முழுக்கத் தனியாக வேலை செய்தேன். பத்து மணிக்கு அக்கா அந்தப் பக்கம் வந்தவர் என் குவியலைப் பார்த்துவிட்டு அப்படியே குந்திவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே வைத்தார். இருபத்து மூன்று கன்று. வீரையும் காசாவும். "இன்னா பாப்பா, கண்ண எங்க வச்சினு இருந்த? இது குருவி நட்டது. நாம நட்டா மூணு வருசம் தண்ணி ஊத்தணும், இதுக்கு யாரு ஊத்தனா?"

சத்தமாகத்தான் திட்டினார், திட்டியது சரி. அகேசியா மேல் வந்து உட்காரும் சின்னானும் மாங்குயிலும் எங்கேயோ தின்ற பழத்தின் விதையை அடியில் போட்டுவிட்டுப் போகின்றன. அந்த நிழலில், அந்த மக்கிய இலையில், யாரும் கூப்பிடாமல் முளைத்து வந்த கன்றுகள் அவை. நாற்பது வருடம் பாடுபட்டது இது தானாக நடக்க வேண்டும் என்பதற்காகத்தான். இருபத்து மூன்றையும் பையில் வைத்து நிழலில் வைத்தோம். ஆணிவேர் அறுந்தவை பிழைக்காது என்று அக்கா முன்பே சொல்லிவிட்டார். நான்கு தப்பின. அந்த நான்கு பைக்கும் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு, நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மழை அக்டோபர் மூன்றாம் வாரம் வந்தது. சாயங்காலம் வரை புழுக்கம், ஈசல் விளக்கை மொய்த்தது, ஒன்பது மணிக்கு ஆரம்பித்து நிற்கவே இல்லை. பதினொரு மணிக்கு மணி அடித்தார்கள், கிழக்கு வரப்பில் கசிகிறது என்று. எலி வளை. நாங்கள் மண் அணைத்தபோது உள்ளே ஓட்டை இருந்ததைப் பார்க்கவில்லை, தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிட்டது. டார்ச்சும் மண்வெட்டியுமாகப் பதினான்கு பேர், சாக்கில் மண் நிரப்பி ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு. முழங்கால் வரை தண்ணீர், அதில் என்னவெல்லாம் நீந்துகிறது என்று நினைக்காமல் நின்றோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அதில் உடைந்த வரப்புகளைத்தான் நாங்கள் அந்த நான்கு வாரமும் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தோம் என்பதே எனக்கு அன்றைக்கு இரவுதான் சாக்கைப் பிடித்தபடி ஒருவர் சொல்லத் தெரிந்தது. இரண்டு மணிக்குக் கசிவு நின்றது.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். வரப்புக்குப் பின்னால் நீளமாகத் தண்ணீர், காபி நிறத்தில், அசையாமல் நின்றது. தவளைச் சத்தத்தில் பேச முடியவில்லை. சாயங்காலம் திரும்பப் போனபோது பாதித் தண்ணீர் காணோம், எல்லாம் உள்ளே இறங்கிவிட்டது. ஓடிப்போகவில்லை, இறங்கிவிட்டது! நான் அணைத்த மண் அது. அங்கேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் ஆறுமணிக்குருவியும் வந்தது. வடக்கே இனப்பெருக்கம் முடித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற குருவி, விடியலிலும் அந்தியிலும் இரண்டு கட்டையாக ஒரு விசில், சரியாக ஆறு மணியை ஒட்டி. முதல் மூன்று நாள் சத்தம் மட்டும்தான். நான்காம் நாள் கழிப்பறைக்குப் போகும் பாதையில் சருகைப் புரட்டிக்கொண்டு நின்றது, பச்சை, நீலம், அடிவயிற்றில் சிவப்பு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு அது தத்தித் தத்திக் காரைப் புதருக்குள் போய்விட்டது.

நடுகை மழைக்குப் பிறகு ஆரம்பித்து இன்னும் நடக்கிறது. ஒன்றரை அடிக் குழி, பையின் அடியைப் பிளேடால் சுற்றி அறுத்துவிட்டு மண்கட்டி உடையாமல் இறக்க வேண்டும், கழுத்து மட்டம் மண்ணோடு சரியாக நிற்க வேண்டும், சுற்றிப் பாத்தி, மேலே சருகு மூடாக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது செய்தால் நல்ல வேலை. இப்போது வைத்தால் தை பிறப்பதற்குள் வேர் ஓரளவு கீழே போய்விடும், அதற்கப்புறம் வெயில்காலம். அப்போது இருக்கிறவர்கள் ஒவ்வொரு கன்றுக்கும் பாட்டிலில் தண்ணீர் வைத்து அடியில் துணித்திரி போட்டு வேருக்குப் பக்கத்தில் சொட்ட விடுவார்களாம். வேனிலில் தொண்டர்கள் வருவது குறைவு, வேலை அப்போதுதான் அதிகம். யாராவது வர நினைத்தால் ஏப்ரல் மே மாதத்தில் வாருங்கள் என்று பெரியவர் எழுதச் சொன்னார்.

எங்கள் கொட்டகையில் நான்காவது ஆள் இலங்கையில் வவுனியாப் பக்கத்துப் பெண், இருபத்து நான்கு வயது. வந்த இரண்டாம் நாள் நர்சரியில் ஒரு தட்டுக் கன்றைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எங்கட பாலையெல்லோ!" என்றாள். எனக்குப் பாலை என்றால் ஐந்திணையில் வருகிற பாலைதான் தெரியும். அவளுக்கு அது பழம். வன்னியில் பாலைப்பழக் காலம் வந்தால் சந்தையெல்லாம் அதுதான், தின்றால் பால் உதட்டில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், எண்ணெய் தடவித்தான் எடுக்க வேண்டும் என்றாள். கரடிக்கும் அந்தப் பழம் என்றால் உயிராம், யால காட்டிலும் வில்பத்துவிலும் பாலை பழுக்கும் நாளில்தான் கரடி பார்க்கப் போவார்களாம். நர்சரி அக்கா அதை உலக்கைப்பாலை என்கிறார், உலக்கை செய்யும் அளவுக்குக் கெட்டியான மரம். வீரையைக் காட்டினேன். "ஓம், வீரைதானே" என்றாள். கருங்காலி? "ஓம்." கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே காடு, ஒரே பெயர், சிங்களத்தில் கூடப் பாலு, வீர என்றுதான் சொல்வார்களாம். அவளும் அக்காவும் அன்றைக்கு ஒரு மணி நேரம் மரங்களை மட்டுமே பேசினார்கள். நடுவில் மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழு பேர் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புத்துப்பட்டுக்குப் போனோம். ஐயனார் கோயில், அதைச் சுற்றி இந்த வகைக் காட்டின் மிச்சம், இயற்கையாகவே நிற்கிறது. யாரும் நடவில்லை. உள்ளே நுழைந்த பத்தடியில் வெயில் போய்விட்டது. தொடை கனத்துக்குக் கொடிகள் மரத்துக்கு மரம் தாவிக் கிடந்தன. எங்கே பார்த்தாலும் காசா. தோள் உயரக் காசாவை மட்டுமே பார்த்திருந்த எனக்கு, அது அண்ணாந்து பார்க்கிற உயரத்தில், வயசான உடம்போடு நிற்பதைப் பார்க்க நெஞ்சு அடைத்தது. நாங்கள் உள்ளங்கை தேய வளர்க்கிறது எதை என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். பெரியவர் எங்களோடு வந்திருந்தார். ஒரு வீரையின் அடிமரத்தில் கை வைத்துக்கொண்டு, "நம்ம காடு இப்படி ஆவறத நான் பாக்க மாட்டேன்" என்று சும்மா ஒரு தகவல் மாதிரி சொன்னார். யாரும் பதில் சொல்லவில்லை.

அம்மா ஞாயிறு தோறும் பேசுகிறாள். முதலில் "மம்புட்டி பிடிக்கறதுக்கா கண்ணு உன்னைப் படிக்க வச்சோம்" என்று அழுதாள். எனக்கும் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். போன வாரம் பேச்சோடு பேச்சாகச் சூரைப் பழம் என்றேன். போனில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. "சூரப் பழமா? அந்தியூர்ல ஆடு மேய்க்கப் போறப்ப அதான் சாமி தின்போம், நாக்கெல்லாம் கருத்துப் போயிரும்" என்றாள். அம்மா ஆடு மேய்த்தாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்புறம் காரை, களா, அவள் ஊரில் எந்தப் பாறைக்குப் பக்கத்தில் எது நின்றது என்று முக்கால் மணி நேரம் சொன்னாள். என் நோட்டில் நான்கு பக்கம் அம்மா சொன்னவை.

நேற்று புதிதாக மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒரு மதுரைப் பையன், கல்லூரி முடித்தவன், வந்ததும் எப்போது நடுவோம் என்றுதான் கேட்டான். அவனைக் களையெடுக்க அழைத்துப்போனேன். ஒவ்வொரு கன்றாகக் காட்டி, இது வீரை, தொடாதே, இது காசா, தொடாதே, இது உண்ணி, பிடுங்கு என்று சொல்லிக்கொண்டே போனேன். கிழக்கு வரப்பின் மேல், மழைக்குப் பிறகு முளைத்த ஒரு செடியைக் காட்டி இது என்ன அக்கா என்றான். எனக்குத் தெரியவில்லை. கூட்டு இலை, விளிம்பில் லேசான ரோமம், நோட்டில் இல்லை. ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு இருவரும் நர்சரிக்குப் போனோம். அக்கா வாங்கி முகர்ந்தார், கசக்கினார், திரும்ப முகர்ந்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு அக்காவிடம் நீட்டினார், அவரும் உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்குப் பேரு தெரியாது பாப்பா. ஆடு தின்னாது, அது மட்டும் தெரியும். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அப்படியே எழுதிக்கொண்டேன்: கிழக்கு வரப்பு, ஆடு தின்னாது, அக்காவின் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் செடியைப் பிடுங்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லி, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறோம்.